பையில் ஒரு பரீட்சை அட்டையும் வையுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பகுதிப் பள்ளிகளில் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும், துணைக்கு வண்டி ஏறும் என்னைப் போன்ற அப்பா அம்மாக்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், வருமானச் சான்று விண்ணப்பம், புராஜெக்ட் பைண்டிங், லேமினேஷன் என்று பொழுது ஓடும். மடல் எழுதிப் பழக்கமில்லை. அடுத்தவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுத்துத்தான் பழக்கம். அந்த மனுக்களில் "மேற்படி விஷயம் தொடர்பாக" என்று ஒரு வரி தவறாமல் வரும். இங்கே மேற்படி விஷயம், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு முதலையை வரைந்தது.

மழை விட்டு, அரையாண்டுப் பரீட்சை முடிந்து, பொங்கலும் கழிந்ததும் உங்களில் பலர் சுற்றுலா நோட்டீஸ் அடிக்க என்னைப் போன்ற கடைகளுக்குத்தான் வருவீர்கள். வருஷா வருஷம் அதே நோட்டீஸ். தேதியும் கட்டணமும் மட்டும் மாறும். விடிகாலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் பஸ். முதலில் உயிரியல் பூங்கா, மத்தியானம் மாமல்லபுரம், சாயங்காலம் மெரினா, நள்ளிரவில் திரும்புதல். தண்ணீர் பாட்டில், தொப்பி, மதியச் சாப்பாடு கொண்டுவரவும். இந்த வருஷம் அந்தக் கடைசி வரியில் ஒரு சொல் கூடுதலாகச் சேர்க்க முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன ஜனவரியில் துணைக்குப் போன மூன்று பெற்றோரில் நானும் ஒருவன். எந்தப் பள்ளி, எந்தப் பூங்கா என்று எழுதப் போவதில்லை. எழுதினால் ஏதோ அவர்கள் மட்டும் செய்ததுபோல் ஆகிவிடும். நான் பார்த்தவரை எல்லா இடத்திலும் இதே கதைதான். நூற்றுச் சொச்சம் பிள்ளைகள், இரண்டரை மணி நேரம், சுற்றிவரவே ஒரு நாள் பிடிக்கும் அளவுக்கு இடம். புலி எங்கே, சிங்கம் எங்கே என்று ஓட்டம். "வரிசையில வா", "கையைப் புடிச்சுக்க", "நிக்காத, நட". நடுநடுவே விசில். பிள்ளைகள் விலங்குகளைப் பார்த்ததைவிட முன்னால் போகிற பிள்ளையின் முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

முதலைக் குட்டைக்கு வந்தோம். கரை மணலில் நாலைந்து கிடந்தன. ஒன்று வாயைப் பிளந்தபடி. "பொம்மைடா" என்றான் ஒருவன். "செத்துப்போச்சு" என்றான் இன்னொருவன். உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நம்மிடம் ஒரே பரிசோதனைதான் உண்டு. முதலில் வறுகடலை போனது, அடுத்து பாட்டில் மூடி, அப்புறம் சின்னக் கல். முதுகில் பட்டுத் தெறித்தது. முதலை அசையவில்லை. பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு வந்திருந்த பெரியவர் ஒருவர், "தலையில போடு தம்பி, அப்பதான் அசையும்" என்று யோசனை சொன்னார். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுதுவது நியாயமாகாது.

கல்லில் கட்டிக் கடலில் தள்ளிய திருநாவுக்கரசரை அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து எங்கள் ஊரில் கரை சேர்த்தது என்பார்கள். கரையேறவிட்ட குப்பம் என்று இன்றைக்கும் கடலூரில் ஓர் இடம் இருக்கிறது. கல்லுக்கு இவ்வளவு பெருமை உள்ள ஊரிலிருந்து கிளம்பிப் போய்க் கல்லை வைத்து நாங்கள் செய்த காரியம் இது.

உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவதும், காயப்படுத்துவதும், தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 38ஜே பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. அதைப் பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் கல் எறிந்தார்கள். பலகை வைக்கச் சொல்லி இந்த மடல் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கூட்டத்தில் என் மகளைக் காணவில்லை. தேடினேன். கம்பிக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பரீட்சை அட்டை. அதில் என் கடை வேஸ்ட் பேப்பர், ஒரு பக்கம் மை பிசிறிய கேள்வித்தாள், மறுபக்கம் வெள்ளை. பஸ்ஸில் பொழுது போக வரையலாம் என்று அவளே பையில் திணித்துக்கொண்டு வந்தது.

"எழுந்திரும்மா, சார் விசில் அடிக்கிறாரு."

"இருப்பா. அது மூச்சு விடுது."

"எங்க?"

"தாடைக்குக் கீழ பாரு. தொண்ட ஏறி எறங்குது."

பார்த்தேன். ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சம் பார்த்ததில், கண்ணுக்குள்ளேயே இன்னொரு இமை பாலாடை மாதிரிப் பக்கவாட்டில் வந்து மூடித் திறந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு முதலையைப் பார்த்தேன். அதற்கு முன் குறைந்தது நான்கு முறை உயிரியல் பூங்காவுக்குப் போயிருக்கிறேன்.

கல்லெறிந்தவர்களில் ஒருவன்தான் அவளிடம் முதலில் வந்தான். "என்னா வரையற?" அவள் பதில் சொல்லவில்லை. அவன் தாளைப் பார்த்தான், முதலையைப் பார்த்தான், திரும்பவும் தாளைப் பார்த்தான். "வாய மூடினா கூட ஒரு பல்லு வெளிய நிக்குது பாரு. நீ போடல" என்றான். பக்கத்தில் வாயை மூடிக் கிடந்த முதலையைக் காட்டினான். உண்மைதான். கீழ்த்தாடையின் நாலாவது பல், வாயை மூடினாலும் வெளியே தெரியும். முதலைக்குரிய அடையாளங்களில் அது ஒன்று என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு அதைக் கண்டுபிடித்தது அந்தப் பையன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முதுகில் எத்தனை வரிசைச் செதில் என்று எண்ண ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு கணக்கு, சண்டை. கல்லெறிவது நின்றே போனது. யாரும் யாரையும் அதட்டவில்லை.

விசில் மறுபடியும் வந்தது. வால் வரையாமலே எழுந்து வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி பஸ்ஸில், தூங்கும் பிள்ளைகளுக்கு நடுவே, நான் யோசித்தது இதைத்தான். "பாரு, பாரு" என்று சொன்னால் பிள்ளை பார்ப்பதில்லை. வரை என்றால் பார்க்கிறது. வரைகிற கைக்கு அடுத்த கோடு எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகக் கண் அங்கேயே நிற்க வேண்டும். கண் நின்ற இடத்தில் கல் போகாது.

வீட்டில் வாலை நினைவிலிருந்து வரைந்தாள். ரம்பப் பல் மாதிரி ஒரே வரிசையாகப் போட்டிருந்தாள். அவள் ஆயா (என் அம்மா) கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இப்படி இருக்காது" என்றார். "மொதல்ல ரெண்டு வரிசையா வரும். பாதி வாலுக்கு அப்பறம் ஒண்ணா சேந்துக்கும்." அம்மா பிறந்தது சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம், பழைய கொள்ளிடக் கரையில் ஓர் ஊர். சின்ன வயதில், வாய்க்காலில் மாட்டிய முதலையைக் கயிறு கட்டி ஊர்ப் பொதுவில் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் வாலின் செதில் வரிசை மறக்கவில்லை. சரிபார்த்தேன், அம்மா சொன்னதுதான் சரி.

ஆனால் அம்மா இன்னொன்றும் சொன்னார். "பாவம் பாவம்னு வரையற. அது ஆள இழுத்துட்டுப் போற சாதி. எங்கூருப் பக்கம் போயிக் கேளு."

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் விலங்குகள் மீது அன்பு காட்டுங்கள் என்று எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகிற இடம் இது. நம் மாவட்டத்தில் முதலை கதையில் வருகிற விலங்கு இல்லை. சிதம்பரம் பக்கத்துக் கொள்ளிடக்கரை ஊர்களில் குளிக்கப் போனவர்களையும் மாடு கழுவப் போனவர்களையும் முதலை பிடித்திருக்கிறது. உயிரும் போயிருக்கிறது. வயலுக்கும் குளத்துக்கும் வந்துவிடும் முதலைகளைப் பிடித்து வனத்துறையினர் வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே வாழும் ஒருவரிடம் போய் "முதலை சாது" என்று சொன்னால் செருப்பால் அடிப்பார், அடிக்கவும் வேண்டும்.

என் மகள் அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு படத்துக்குக் கீழே எழுதினாள்: "நான் ஆபத்துதான். தள்ளி நில். ஆனால் கல் எறியாதே."

பயப்படுவது வேறு, இளக்காரம் செய்வது வேறு. கொள்ளிடக் கரையில் முதலைக்குப் பயப்படுகிறவர் யாரும் அதன் மேல் பாட்டில் மூடியை எறிய மாட்டார். கம்பிக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்கும் நமக்குத்தான் அந்தத் தைரியம் வருகிறது.

லேபிள் கதைக்கு வருகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டுவது உங்களுக்குத் தெரியும். கடையில் கார்ட்டூன் பொம்மை போட்ட லேபிள்தான் ஓடும். "என் படத்தையும் லேபிள் போடு" என்றாள். ஸ்டிக்கர் ஷீட் ஒன்றில் பன்னிரண்டு அச்சாகும். சரி என்றேன். லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் என்று நான்கு கோடு இருக்குமே, அதற்கு மேலே முதலைக்கும் அதேபோல் நான்கு கோடு போட்டு அவளே நிரப்பியிருந்தாள்.

பெயர்: சதுப்புநில முதலை. வகுப்பு: ஊர்வன. பிரிவு: கொள்ளிடம். பாடம்: அசையாமல் இருப்பது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை வேறு சிரிப்பு.

முதலைக்கு அடுத்தது கழுதைப்புலி. அதற்கும் ஒரு காரணம் உண்டு. அதே சுற்றுலாவில் கழுதைப்புலிக் கூண்டுக்கு முன்னால் ஒருவர் தன் பிள்ளைக்கு "இதுதான் சிரிக்கிற மிருகம், பாரு" என்று சொல்லி, ஹீஹீ என்று கத்திக் காட்டிக்கொண்டிருந்தார். அது இங்கும் அங்குமாக நடந்துகொண்டே இருந்தது. சிரிப்பதுபோல் கத்துவது ஆப்பிரிக்காவில் உள்ள புள்ளிக் கழுதைப்புலி. நம் நாட்டில் இருப்பது வரிக் கழுதைப்புலி, பெரும்பாலும் சத்தமே போடாது. நம் மாநிலத்தில் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறது. முன்னங்கால் நீளம், பின்னங்கால் குட்டை. அதனால் முதுகு சரிந்து, எப்போதும் மேட்டில் ஏறுவதுபோல் நிற்கும். மிரண்டால் பிடரி மயிரைச் சிலிர்த்துத் தன்னைப் பெரிதாகக் காட்டப் பார்க்கும். புலி தின்று விட்டுப்போன எலும்பையும் நொறுக்கித் தின்று காட்டைச் சுத்தம் செய்வது அதன் வேலை. நாய் மாதிரித் தெரிந்தாலும் நாய்ச் சாதி இல்லை. பூனைக்கும் கீரிக்கும்தான் நெருங்கிய உறவு.

அதன் லேபிளில் பிரிவு என்ற கோட்டில் "கழுதையும் இல்லை, புலியும் இல்லை" என்று எழுதினாள். பாடம்: துப்புரவு. அதை வாசித்துக் காட்டியபோது என் அம்மா, "ஊரச் சுத்தம் பண்றவங்களத்தான் ஊரு ஏளனம் பண்ணும்" என்றார். அந்த வரியையும் லேபிளில் போடலாமா என்று மகள் கேட்டாள். இடம் போதவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள், திருப்பாதிரிப்புலியூர். புலிக்கால் முனிவர் வழிபட்டதால் புலியூர். புலிக்கு ஊரும் உண்டு, கோயிலும் உண்டு, அக்டோபர் முதல் வாரத்தில் வன உயிரின வார ஓவியப் போட்டியில் முதல் பரிசும் உண்டு. புலியை யாரும் புரிந்துகொள்ளாமல் விட்டதில்லை. மிச்சமிருக்கிறவைதான் பாவம்.

மிச்சமிருக்கிறவற்றை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? வசவில். ஒருநாள் தலை வாராமல் நின்றவளைப் பார்த்து, "என்னடி தேவாங்கு மாதிரி நிக்கிற" என்றேன். வாயில் வந்த சொல், யோசிக்கவில்லை. "அப்பா, நீ தேவாங்கப் பாத்துருக்கியா?" என்றாள். இல்லை. அம்மாவிடம் கேட்டாள். அவரும் இல்லை. தெருவில் யாருமே பார்த்ததில்லை. ஆனால் தெருவில் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். பார்க்காத பிராணியை வைத்துப் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேவாங்குக்குக் கண் பெரிதாக இருப்பது ராத்திரியில் பூச்சி பிடிக்க. கை கால் குச்சியாக இருப்பது கிளை விட்டுக் கிளையை மெதுவாக, சத்தமில்லாமல் பற்றிப் போக. அந்தக் கண்ணுக்காகவே மாந்திரீகம், நாட்டு மருந்து என்று சொல்லிப் பிடித்தார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை ஒதுக்கிக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம். அரசே அதற்கு இடம் கொடுத்துவிட்டது, நம் வாய்தான் இன்னும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு நோட்டில் வசவுப் பட்டியலே எடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஆந்தை முழி. பச்சோந்தி. குள்ளநரி. முதலைக் கண்ணீர். (கடைசிக்கு மட்டும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நீலிக் கண்ணீர் என்று நல்ல சொல் நம்மிடமே இருக்கும்போது முதலையை எதற்கு இழுத்தோம்? கண் காயாமல் இருக்க அதற்கும் கண்ணீர் வேண்டும், அவ்வளவுதான்.) ஆந்தையில் ஒரு வகையான கூகைக்குக் கிராமத்தில் சாக்குருவி என்றே பெயர். அது கத்தினால் சாவு விழும் என்று இன்றைக்கும் விரட்டுகிறார்கள். ஆனால் வயலில் எலித் தொல்லை வந்தால் ராத்திரி அதே கூகை வந்து உட்காரட்டும் என்று குறுக்குக் கட்டை வைத்துக் குச்சி நட்டுவைப்பதும் நம் விவசாயிகள்தான். கண்ணை உருட்ட முடியாததால் கழுத்தைத் திருப்புகிறது. அது முழி இல்லை, கழுத்து. அவளுடைய ஆந்தை லேபிளில் பாடம்: இரவு வகுப்பு.

வௌவாலுக்குப் புதுச்சேரிப் பக்கத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. விழுப்புரம் மாவட்டத்துக் கழுப்பெரும்பாக்கத்தில், மரத்தில் தொங்கும் வௌவால்கள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊரே சேர்ந்து எடுத்த முடிவு. என் மகள் அதைக் கேட்ட அன்று அடித்த பழந்தின்னி வௌவால் படம்தான் கடையில் அதிகம் போனது. காது பெரிதாக இருப்பதால் வகுப்பில் வௌவால் என்று பெயர் வாங்கிய ஒரு பையன் ஷீட் முழுக்க அதையே வாங்கிப் போனான்.

பாறு கழுகைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் அர்ச்சகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்ன இரண்டு கழுகுகள் வருவதை அம்மா கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறார். மஞ்சள்முகப் பாறு. இப்போது வருவதில்லை, வருஷங்கள் ஆயிற்று. மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் சதை வழியாகப் போய் நாடு முழுக்கப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. 2006இல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. உங்கள் பஸ் செங்கல்பட்டைத் தாண்டும்போது அந்த மலை பக்கத்தில்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லுங்கள்.

லேபிள் விற்ற காசு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்கிறது. பூங்காக்களில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது, ஒரு விலங்கின் தீனிச் செலவை நாம் ஏற்கலாம். கழுதைப்புலிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பாட்டில் இன்னும் கால்வாசிகூட நிறையவில்லை. காசு விஷயமாக நான் உங்களிடம் வரவில்லை, பயப்பட வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். நோட்டீஸில் தண்ணீர் பாட்டில், தொப்பிக்குப் பக்கத்தில் "பரீட்சை அட்டை, பென்சில்" என்று சேருங்கள். பூங்காவுக்குள் போனதும் எல்லா விலங்கையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தை விடுங்கள். பத்துப் பத்துப் பிள்ளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே ஒரு கூண்டுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். புலிக்கூண்டு வேண்டாம், அங்கே எப்படியும் கூட்டம். கழுதைப்புலி, முதலை, ஆந்தை, நரி, பாம்பு. யாரும் நிற்காத இடமாகப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை ஓடிப் பார்த்துக்கொள்ளட்டும்.

"எங்க பிள்ளைங்களுக்கு வரையவே வராது" என்பீர்கள். வராமல் இல்லை. நாம்தான் கெடுத்து வைத்திருக்கிறோம். நம் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தால் இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை மரம். கடலூரில் எந்த மலையைப் பார்த்தார்கள்? தென்னையைப் பார்த்திருப்பார்கள், அதைக்கூடப் பார்க்காமல்தான் வரைகிறார்கள். கோணலாக வரட்டும். கல்லெறிந்த பையனுக்கு வரையத் தெரியாது, பல்லைப் பார்த்துச் சொன்னானே.

தயவுசெய்து இதைப் போட்டி ஆக்காதீர்கள். முதல் பரிசு என்று ஒன்று வந்த மறு நிமிஷம் பிள்ளை விலங்கைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்கும். வீட்டில் பெரியவர்கள் வரைந்து கொடுப்பதும் ஆரம்பித்துவிடும். வகுப்புச் சுவரில் எல்லாவற்றையும் ஒட்டுங்கள், போதும்.

நேரமே இல்லை என்றால் உயிரியல் பூங்காவை விட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் மட்டும் இறங்குங்கள். ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது. அங்கே சில முதலைகள் மூக்கின் மேல் குச்சியை வைத்துக்கொண்டு தண்ணீரில் அசையாமல் கிடப்பதை ஆய்வாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கூடு கட்டக் குச்சி தேடும் கொக்கைப் பிடிக்கும் தந்திரம் என்பது அவர்கள் கணிப்பு. எல்லா ஆய்வாளர்களும் அதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன, அதைக் கண்டவர்கள் "பொம்மைடா" என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றவர்கள். முட்டை பொரியும் நேரத்தில் குஞ்சு உள்ளிருந்து கத்துவதைக் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். தூரத்திலிருந்து அவசரமாகப் பார்த்தவர்கள் பெற்றதையே தின்கிறது என்று கதை கட்டினார்கள். நம் சுற்றுலாவும் அந்த மாதிரிப் பார்வைதான்.

கூண்டே இருக்கக்கூடாது என்று சொல்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். அது பெரிய சண்டை, நியாயமான சண்டையும்கூட. அது தீர்கிறவரைக்கும் உள்ளே இருப்பவற்றின் மேல் கல் விழாமல் இருக்கட்டும்.

புதுச்சேரி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மாநில விலங்கு அணில். ஊர் ஊருக்குச் சிங்கம், யானை என்று தேடும்போது, மதில்மேல் ஓடுகிற ஒன்றை எடுத்து மாநிலத்துக்கே அடையாளம் ஆக்கியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பூங்காவுக்குப் போகுமுன் ஒரு வாரம் பள்ளி மரத்தடியில் அணிலை வரையச் சொல்லிப் பழக்கலாம். அது ஓர் இடத்தில் நிற்காது. அசையாத முதலையின் அருமை அப்போதுதான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

தாளுக்காகச் செலவு செய்ய வேண்டாம். ஒரு பக்கம் அச்சாகிக் கெட்டுப்போன காகிதம் என் கடையில் வாரத்துக்கு ஒரு கட்டு சேருகிறது. தேதி முடிவானதும் ஒரு நாள் முன்னால் சொல்லியனுப்பினால் எண்ணி எடுத்து வைக்கிறேன். பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் என்ற நான்கு கோட்டை மட்டும் பின்பக்கம் அடித்துத் தருகிறேன், அதற்கும் காசு வேண்டாம். நிரப்புவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

இந்த வருஷமும் துணைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மகள் நரிக் கூண்டுக்கு முன்னால் உட்காரப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் ஆயாவும் வர வேண்டும் என்கிறார். பஸ்ஸில் இடம் இருக்குமா என்று அந்தப் பள்ளி ஆசிரியர் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்து ஜெராக்ஸ் கடைக்காரன்